வடிவம்மா கேட்ட காலடி

சேதுராமன் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆனால் இன்று காலையிலும் அவர் வீட்டுக்குள் நடந்து திரிந்ததாக அவருடைய மனைவி வடிவம்மா சொல்லியிருந்தாள்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் வடிவம்மாவின் அண்ணன் ராஜலிங்கம். கண்டி மாநகர சபையில் கிளார்க். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, துப்பறிவாளர் மயில்வாகனத்தின் முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் ஒரு பேக்கரியின் மேல்மாடிதான் அலுவலகம். கீழே பாண் வெந்துகொண்டிருந்த வாசனை படியேறி வந்தது.

மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில், செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று விசாரிப்பதே அவருடைய வேலையாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு ஊருக்குத் திரும்பாமல் அதே வேலையைக் கண்டியில் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தார். உதவிக்கு டிலானி. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். ஸ்கூட்டி ஓட்டுவாள், கூரை ஏறுவாள், எந்தக் கதவையும் பேசியே திறக்க வைப்பாள். வாயை மட்டும் மூட மாட்டாள்.

ராஜலிங்கத்தின் கதை இதுதான். தங்கை புருஷன் சேதுராமன் வத்தேகம டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். போன வருஷம் மழைக்காலத்தில் வீட்டுக்கு ஏறும் கருங்கல் படியில் விழுந்து மண்டை உடைந்து செத்துப்போனார். வழுக்கி விழுந்ததாகப் பொலிஸ் முடிவு செய்தது. ராஜலிங்கத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்றைக்குக் காலையில்தான் சேதுராமனுக்கும் மூத்த தாரத்து மகன் திலக்ஷனுக்கும் பெரிய சண்டை. கடையைப் பார்க்க வராமல் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற தொழிலைப் பிடித்துக்கொண்டான் என்று அப்பனுக்குக் கோபம்.

சில மாதங்களாக வடிவம்மாவுக்கு வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்கிறது. அதுகூடப் பரவாயில்லை. திலக்ஷன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் பக்கத்தில் சேதுராமனும் வந்து நிற்பதை அவள் கண்ணாலேயே பார்க்கிறாளாம்.

"வேற யார் கூடயும் வர்றதில்ல ஐயா, அவன் கூட மட்டுந்தான் வர்றாரு," என்றார் ராஜலிங்கம். "கொன்னவனைத்தானே ஆவி ஒட்டிக்கிட்டு வரும்? அவன்தான் தள்ளிவிட்டிருக்கான். இல்லேன்னா ஸ்பீக்கரை ஒளிச்சு வச்சு என் தங்கச்சியப் பயமுறுத்துறான். ரெண்டுல ஒன்னு. நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

திலக்ஷன் மேல் பொலிசில் புதிதாக ஒரு முறைப்பாடு கொடுத்துவிட்டதாகவும், அவன் வீட்டுப் பக்கமே வரக்கூடாதென்று சொல்லிவிட்டதாகவும் அவர் சொன்னார். பேயோட்டுகிற கட்டாடி ஒருவரையும் ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஆள் இன்று பின்னேரம் பறைமேளத்தோடு வருகிறான்.

அவர் படியிறங்கிப் போன பிறகு டிலானி ஹெல்மெட்டை எடுத்தாள். "பேய்க்குக் காலே கிடையாதுன்னுதான் சேர் நாங்க கேள்விப்பட்டிருக்கோம். இது காலை மட்டும் வச்சுக்கிட்டு வருது. யாரோ தலைகீழாச் சொல்லிக் குடுத்துட்டாங்க."

"பேய் நடக்கிறதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, பிள்ளை," என்றார் மயில்வாகனம். "ஏன் அவவுக்கு மட்டும் கேக்குது எண்டதுதான் என்ர கேள்வி."

ஸ்கூட்டியில் அவர்கள் வத்தேகமவுக்குப் போனபோது, பொல்கொல்லையில் மகாவலி ஆறு தெரியவில்லை. ஆற்றின் மேல் வெள்ளையாகப் பனிப்புகார் மூடியிருந்தது. மடவளையைத் தாண்டியதும் மழை நின்று, மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மயில்வாகனம் பின் சீட்டில் குடையைத் துப்பாக்கிபோல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு வீதியிலிருந்து உயரத்தில் இருந்தது. சேதுராமன் விழுந்த படியில்தான் ஏற வேண்டும். கல்லில் பாசி பிடித்திருந்தது. டிலானி பாதிப் படியில் ஒரு தரம் சறுக்கி, கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். படி முடிகிற இடத்தில் இரும்பு கேட். அங்கிருந்து நீளமான முற்றம். அதன் அந்தப் பக்கத்தில் விறாந்தை. விறாந்தைக் கதிரையில் வடிவம்மா உட்கார்ந்திருந்தாள். கேட் அவளுக்கு இடது கைப் பக்கம் இருந்தது. தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பி, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் முற்றத்தைக் கடந்து பக்கத்தில் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, யாரையோ எதிர்பார்த்து ஏமாந்தவள் போல, "வாங்க," என்றாள்.

பயந்துபோன பெண்ணைப் பார்க்கப் போவதாக நினைத்து வந்த டிலானிக்கு அது புதிதாக இருந்தது. வடிவம்மாவின் முகத்தில் பயம் இல்லை. இடது கண் மட்டும் சிவந்து, கொஞ்சம் வெளியே தள்ளினாற்போல வீங்கியிருந்தது. அழுது அழுது அப்படி ஆகிவிட்டதாக, முன்னமே வந்து சேர்ந்திருந்த ராஜலிங்கம் மெதுவாகச் சொன்னார்.

முதலில் வீட்டைச் சோதித்தார்கள். டிலானி மேசை மேல் கதிரை வைத்து ஏறி, சீலிங் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள். டோர்ச் வெளிச்சம் பலகை இடுக்குகளில் அங்குமிங்கும் போய்வந்தது. மயில்வாகனம் கீழே நின்று அலுமாரிகளின் பின்னாலும் கட்டில்களின் அடியிலும் பார்த்தார். வயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. சீலிங்குக்கு மேலே தூசி போர்வை மாதிரி கலையாமல் கிடந்தது.

தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினாள் டிலானி. "மேல எலி கூட நடந்த தடம் இல்ல சேர். அதுங்களுக்கும் யாரோ விஷயத்தைச் சொல்லிட்டாங்க போல."

பிறகு மயில்வாகனம் வடிவம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தார். சத்தம் எங்கே கேட்கிறது? எல்லா இடத்திலும் என்றாள். ஹாலில் இருந்தால் ஹாலில், சமைக்கக் குசினிக்குப் போனால் குசினியில். செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கிற மாதிரி, விடாமல் ஒரே சீராகக் கேட்கும். அவர் அப்படித்தான் நடப்பார். போன கிழமை அக்குறணைக்குத் துணி எடுக்கப் போனபோது பஸ்ஸிலும் கேட்டது.

"பஸ்ஸிலயா?" என்றாள் டிலானி. "டிக்கெட் எடுத்தாராம்மா?"

ராஜலிங்கம் முகத்தைச் சுளித்தார். ஆனால் வடிவம்மா சிரித்துவிட்டாள். அவர் உயிரோடு இருந்தபோதும் டிக்கெட்டை இவள்தான் எடுப்பாளாம்.

அவர் எப்போதாவது வேகமாக நடப்பாரா என்று கேட்டார் மயில்வாகனம். நடப்பார். இவள் கருங்கல் படியில் ஏறி வரும்போதெல்லாம் அவரும் அவசரம் அவசரமாக ஏறுவார். திடீரென்று இடி விழுந்தால் ஓடுவார். இவள் உட்கார்ந்து இளைப்பாறினால் அவரும் மெதுவாகிவிடுவார். கவலையாக இருக்கும்போது இவள் கன்னத்துக்குக் கீழே, கழுத்தோரம் கையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தால் சில நேரம் அப்படியே நின்றுவிடுவார்.

"நான் கொஞ்சம் கண்ணசரட்டும்னு நிக்கிறாரு," என்றாள்.

மயில்வாகனம் அவளுடைய கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார். இனிமேல் கழுத்தில் அப்படி அழுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வடிவம்மா தேத்தண்ணி ஊற்றினாள். இடப்பக்கம் இருந்த கோப்பைகளில் ஊற்றும்போது இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இடப்பக்கம் இருந்த மயில்வாகனத்துக்குக் கோப்பையை நீட்டும்போதும் அப்படியே. அவள் உள்ளே போனதும் டிலானி அவருடைய காதருகே குனிந்தாள்.

"அம்மா உங்களப் பாத்துக் கண்ணடிக்கிறாங்க சேர். அவரு இங்கதான் எங்கயோ நடந்துக்கிட்டிருக்காரு, பாத்து."

மயில்வாகனம் சிரிக்கவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கட்டாடி வருவதற்குள் திலக்ஷனைப் பார்த்துவிட்டு வந்துவிடுவதாக ராஜலிங்கத்திடம் சொன்னார். கேட்டருகே வடிவம்மாவின் குரல் அவர்களை நிறுத்தியது.

"தம்பியப் பாத்தா வரச் சொல்லுங்க. அவன் வந்தாத்தான் அவரும் வருவாரு."

திலக்ஷனின் கொட்டகை மடவளைச் சந்திக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். முப்பதை எட்டியிருப்பான். உள்ளே சேதுராமனின் படமொன்று மாலையோடு தொங்கியது. டிலானி படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கு, நெற்றி, லேசாக ஒரு பக்கம் சரிந்த தோள் எல்லாம் ஒன்றே. படத்திலிருந்தவருக்கு மீசை நரைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா விழுந்த அன்றைக்கு அவன் திகனயில் ஒரு கல்யாண வீட்டில் இருந்திருக்கிறான். மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். பொலிசும் விசாரித்துவிட்டது. ராஜலிங்கம் மாமா ஒருவர்தான் நம்பவில்லை. சண்டை போட்டது உண்மை என்றான். அதற்குப் பிறகு பேசக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்தி அவனைக் குற்றம் சொன்னாளா என்று கேட்டார் மயில்வாகனம். ஒருநாளும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவனை வளர்த்தவள் அவள். ஆனால் கடைசியாகப் போனபோது நடந்ததை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசியது.

"கேட்டைத் திறந்துக்கிட்டு நின்னேன். சித்தி என்னப் பாத்துட்டு, அப்புறம் என் தோளுக்கு இந்தப் பக்கமாப் பாத்தாங்க," என்று வலது தோளைத் தொட்டுக் காட்டினான். "'ரெண்டு பேரும் வாங்க'ன்னாங்க. நான் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. கிட்டப் போனதும், 'போயிட்டாரே'ன்னு அழுதாங்க."

அதற்குப் பிறகு தனியாக ரோட்டில் போகும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் வருவதில்லை. சில சமயம் அப்பா நிஜமாகவே பக்கத்தில் வருகிறாரோ என்று தோன்றும். வந்தால் நல்லது என்றும் தோன்றும்.

கொட்டகைத் தகரத்தில் மறுபடியும் மழை விழ ஆரம்பித்தது. மயில்வாகனம் அசையாமல் நின்றார். டிலானிக்கு அந்த நிலை பழக்கம். அவர் தலைக்குள் ஏதோ ஒரு பூட்டு திறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"தூரத்தில நிக்கேக்க ரெண்டு பேர். கிட்ட வந்தா ஒராள்," என்றார் கடைசியில். "தம்பி, சட்டையை மாத்து. நீயும் வாறாய்."

அவர்கள் திரும்பிய நேரம் வீட்டுப் படியடியில் ஒரு வேன் நின்றது. முற்றத்தில் தென்னோலை கட்டி, தேசிக்காய் வெட்டி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். கட்டாடி நடுத்தர வயதுக்காரர். வேட்டியும் சிவப்புச் சால்வையுமாகப் பறையைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். புகை மேலே போகாமல் முற்றத்திலேயே சுற்றியது. வடிவம்மாவை நடுவில் உட்கார வைத்து, கூந்தலை அவிழ்த்துத் தலையைச் சுழற்றி ஆட விட வேண்டுமாம். ஆவி இறங்கும்வரை விடக்கூடாதாம்.

அது நடக்கக்கூடாது என்றார் மயில்வாகனம். ராஜலிங்கம் திலக்ஷனைக் கண்டதும் கத்தத் தொடங்கிவிட்டார். அவனைப் படியிலேயே மறைவாக நிற்கச் சொல்லிவிட்டு, மயில்வாகனம் அவரிடம் கொஞ்ச நேரம் மட்டும் கேட்டார். அதற்குள் ஆவி எங்கே இருக்கிறதென்று காட்டாவிட்டால் மேளத்தைத் தானே அடிப்பதாகச் சொன்னார்.

வடிவம்மா விறாந்தைக் கதிரையில் இருந்தாள். மயில்வாகனம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரலை வைத்தார். காலடி இப்போது கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றாள். ஒவ்வொரு அடிக்கும் மற்றக் கையால் கதிரைச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். தான் பிடித்திருந்த மணிக்கட்டை ராஜலிங்கத்தின் கையில் கொடுத்து நாடியைப் பார்க்க வைத்தார்.

வடிவம்மா விரல் நுனியால் தட்டினாள். டக், டக், டக். ராஜலிங்கத்தின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவருடைய விரலுக்கடியில் தங்கையின் நாடி துடித்த அதே கணத்தில் அந்தத் தட்டும் விழுந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. வெளியே கட்டாடியோடு வந்த ஆள் பறையில் பலமாக ஒன்று போட்டான். வடிவம்மா திடுக்கிட்டாள். நாடி ஓடியது. தட்டும் அதோடு சேர்ந்து ஓடியது.

"அவரு ஓடுறாரு," என்றாள்.

மயில்வாகனம் டிலானியைக் கேட்டுக்கு அனுப்பினார். தனியாக, சும்மா நிற்கச் சொன்னார். புகைக்கும் மழைத்தூறலுக்கும் அப்பால் மஞ்சள் ரெயின்கோட்டோடு அவள் போய் நின்றாள்.

"கேட்டடியில ஆர் நிக்கினம், அம்மா?"

வடிவம்மா தலையை இடப்பக்கம் திருப்பினாள். "அந்தப் புள்ள. பக்கத்துல..." என்று நிறுத்தினாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். "பக்கத்துல அவளே இன்னொருத்தி. கொஞ்சம் மங்கலா."

"இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கோ."

பொத்தினாள். கேட்டடியில் ஒருத்திதான் தெரிந்தாள். கையை எடுத்தாள். மறுபடி பொத்தினாள். பிறகு கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளாகக் கேட்டுத் தூணும் வீதி விளக்கும் இரண்டிரண்டாகத் தெரிந்தது அவளுக்குத் தெரியும். கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். தூண் இரண்டாகத் தெரிந்தால் அது தூண்தான். ஆனால் சேதுராமனின் முகத்தோடு ஒருவன் கேட்டைத் திறந்து வந்து, அவன் பக்கத்தில் அதே முகம் மங்கலாக இன்னொன்று நின்றால், அது யாரென்று அவள் யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

மயில்வாகனம் ராஜலிங்கத்தைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். மூளைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய் ஒன்று கண்ணுக்குப் பின்னால் பலூன்போல ஊதியிருக்கலாம் என்றார். அது நரம்பை அழுத்தினால் கண் ஒரு பக்கம் திரும்பாது, பார்வை இரண்டாகும். எங்காவது கசிந்தால் கண் சிவக்கும், ரத்தம் சுழல்கிற சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். காப்புறுதிக் கம்பனியில் இருந்த காலத்தில் இப்படிச் சில டொக்டர் அறிக்கைகளை அவர் வாசித்திருக்கிறார். அநேகமாக எல்லாமே செத்தவர்களுடையவை.

"நான் டொக்டர் இல்லை. பிழையாகவும் இருக்கலாம். ஆனா இந்தத் தலையைப் பிடிச்சுச் சுழட்ட விடாதேங்கோ."

ராஜலிங்கம் வாய் திறக்குமுன் கட்டாடி பக்கத்தில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் வடிவம்மாவின் சிவந்த கண்ணைக் குனிந்து பார்த்தார். தன் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பதாகவும், இது தன்னிடம் வர வேண்டியது இல்லை என்றும் சிங்களத்தில் சொன்னார். தன்னுடைய வேனிலேயே கொண்டு போகலாம் என்று சாவியை எடுத்தார்.

அப்படித்தான் வடிவம்மா இரண்டு பறைமேளங்களுக்கும் ஒரு கட்டுத் தென்னோலைக்கும் நடுவில் உட்கார்ந்து கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். திலக்ஷன் முன் சீட்டில் இருந்தான். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்த மறுநாள் காலை, டொக்டர் ஹுதைபா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயில்வாகனம் சொன்னது சரிதான். ஆனால் அவர் நினைத்ததைவிட மோசம். இடது கண்ணுக்குப் பின்னால் பெருங்குழாய் திராட்சைப் பழத்தை விடப் பெரிதாக வீங்கியிருந்தது. ஒரு பக்கம் கசிந்து, பக்கத்து நாளத்துக்குள் ரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது. சின்ன வீக்கமாக, ஒடுங்கிய கழுத்தோடு இருந்தால் மண்டையைத் திறந்து கிளிப் போட்டு மூடலாம். இதற்குக் கழுத்தே இல்லை, குழாயின் சுவரே ஊதிவிட்டது. தொடையில் ஊசி வழியாக மெல்லிய குழாயொன்றைத் தலைவரைக்கும் அனுப்பி, கசிகிற இடத்தைக் கம்பிச் சுருளால் அடைத்து, ரத்தக் குழாய்க்குள்ளே வலைபோல ஒரு உறை போட வேண்டும். ஆபத்து இருக்கிறது. செய்யாமல் விட்டால் கண் போகும். மூளைக்குள் வெடித்தால் ஆளே போய்விடுவார்.

வடிவம்மா கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் இருந்தது.

"அந்தச் சத்தம் நின்னுருமா, டொக்டர்?"

"நிண்டுரும். அதுக்குத்தானே செய்றோம்."

"அப்ப எனக்கு வேணாம்."

ராஜலிங்கம் கெஞ்சினார், அதட்டினார். மயில்வாகனம் விளக்கிச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அது ரத்தம்தான், அவர் இல்லை, எனக்குப் புரியுது என்றாள். புரிந்தாலும் கேட்கிறதே. அவர் போன அன்றைக்கு வீட்டில் விழுந்த அமைதியை இவர்கள் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை அதற்குள் இருந்துவிட்டு வந்தாள். மறுபடியும் அதற்குள் போக அவளுக்குத் தெம்பு இல்லை.

கேலி செய்ய நூறு விஷயம் இருக்கிற உலகத்தில் இது அதில் ஒன்று இல்லை என்று டிலானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் நின்ற திலக்ஷன்தான் உள்ளே வந்தான். டொக்டரிடம், அந்தச் சத்தம் வெளியே இருக்கிறவர்களுக்கும் கேட்குமா என்று கேட்டான். டொக்டர் ஹுதைபா கொஞ்சம் யோசித்தார். ஸ்டெதெஸ்கோப்பை அவன் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையை வடிவம்மாவின் மூடிய இமையின்மேல் மெதுவாக வைத்தார்.

திலக்ஷன் கேட்டான். வாழ்க்கையில் பாதியைச் சத்தத்தோடு கழித்தவன் அவன். வயர் தளர்ந்த ஸ்பீக்கரை அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடிப்பான். இப்போது குனிந்தபடி நின்றான். முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டான். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"அப்பாதான் சித்தி," என்றான். "சரக், சரக்னு அந்த ரப்பர்ச் செருப்பு."

"கேக்குதா ஒனக்கு?"

"நல்லாக் கேக்குது."

வடிவம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமும் அவள் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள், பயந்தார்கள், விளக்கினார்கள். யாரும் கூடச் சேர்ந்து கேட்கவில்லை. திலக்ஷன் காதிலிருந்ததைக் கழற்றாமலே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். போனில் இதைப் பதிவு செய்து வைக்கட்டுமா, பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமே என்று கேட்டான்.

அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். வைத்திருந்தால் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றாள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன் சித்தி," என்றான் அவன். "அன்னைக்கு அப்பாகிட்டக் கத்திட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப அவரு இல்ல. இப்ப நீங்களும் போயிட்டா, நான் கேட்டைத் திறந்து வர்றத யாரு பாப்பா?"

வடிவம்மா கண்ணை மூடினாள். உள்ளே யாரோ நடப்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது. ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டாள்.

அன்று பின்னேரம் ராஜலிங்கம் பொலிசுக்குப் போய் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். திலக்ஷனிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவன் வாங்கிக் குடித்தான்.

மயில்வாகனமும் டிலானியும் அடுத்த வாரம் பார்க்கப் போனார்கள். சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. கண்ணின் சிவப்புக் குறைந்திருந்தது. சத்தம் நின்றுவிட்டதா என்று டிலானி கேட்டாள். மயக்கம் தெளிந்து முதலில் தெரிந்தது அதுதான் என்றாள் வடிவம்மா. வார்டில் நர்ஸ்மார் பேசுவதும் தள்ளுவண்டி உருள்வதும் கேட்டது. அவற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அன்று முழுக்க அழுதிருக்கிறாள். அடுத்த நாளும் அழுதிருக்கிறாள்.

அவளுடைய கையில் கறுப்புத் துணியில் தைத்த கண்மறைப்பு ஒன்று இருந்தது. நசுங்கிய நரம்பு சரியாகச் சில மாதம் பிடிக்குமாம். அதுவரை தூரத்தில் இருப்பது இரண்டாகத்தான் தெரியும், தலை சுற்றினால் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டொக்டர் கொடுத்திருக்கிறார். டிலானி கட்டிவிடக் கையை நீட்டினாள். வடிவம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"ஒரேயடியாப் போக மாட்டாராம்," என்றாள். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் போவாராம்."

சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடித்தது. நீளமான வார்டின் கடைசி வாசலில், இடது பக்கமாக, திலக்ஷன் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றான். வடிவம்மா தலையைத் திருப்பி அவனையும், அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தையும் பார்த்தாள். அவன் விறுவிறுவென்று நடந்து கட்டிலண்டை வந்துவிட்டான்.

"அங்க போய் இன்னொரு தடவை வா, தம்பி," என்றாள் அவள். "மெதுவா வா."

ஏனென்று அவன் கேட்கவில்லை. பையை மயில்வாகனத்தின் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை திரும்பிப் போனான். அங்கே ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கட்டில்களுக்கு நடுவே, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு, மிக மெதுவாக நடந்து வந்தான்.